நகத்தளவு மனிதர்கள்

மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மனிதர்களை வெட்டுவார். மூச்சு விட்டால் பறந்துவிடுவார்கள். வெள்ளை அட்டையில் பிளேடின் நுனி இறங்கும். தலை, தோள், இடுப்பு, கால் என்று ஒரே இழுப்பில் ஓர் ஆள் வந்து விழுவார். சுண்டுவிரல் நகத்தைப்போல ஒன்றரை மடங்கு உயரம், அவ்வளவுதான். ஊசி முனையில் பசை தொட்டு, இடுக்கியால் பிடித்து, அட்டைத் தெருவில் நிற்க வைத்த பிறகுதான் மூச்சை விடுவார். அதையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு விடுவார். ஒருமுறை ஒரு தும்மலில் ஒரு பேட்டையே குடிபெயர்ந்தது. தும்மியவர் திட்ட அதிகாரி என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நகரத் திட்ட அலுவலகத்தின் பின்கட்டில், கால் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கும் அறைக்கு அடுத்த அறை அவருடையது. கட்டப்போகிற வீடுகள், தெருக்கள், பூங்காக்கள் எல்லாம் முதலில் அங்கேதான் அட்டையில் எழும்பும். சம்பளப் பட்டியலில் அவருக்கு என்னவோ நீளமான பதவிப் பெயர் உண்டு. தெருக்காரர்களுக்கு அவர் பொம்மைக்காரர். யாராவது வீடு தேடி வந்தால் அவர் மனைவியே, "பொம்மைக்காரர் குளிக்கறாரு, உக்காருங்க" என்றுதான் சொல்வாள்.

தொழில் புத்தி அவரை வீதியிலும் விடுவதில்லை. பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்களை ஒற்றைக் கண்ணை மூடி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து அளந்து பார்ப்பார். "தெருவுல போறப்ப கண்ணை மூடித் தொலைக்காதீங்க. போன வாரம் அந்தப் பொண்ணு செருப்பைக் கழட்டிட்டா" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அவர் திருந்தவில்லை. அந்தப் பெண் நூறில் ஒரு பங்காகச் சுருக்கினால் அழகாக வருவாள் என்பது மட்டும் நினைவில் இருக்கிறது என்றார்.

தேநீர்க் குவளைக்கு மூடி போட்டு வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார். அட்டைத் தூள் விழுந்துவிடும் என்பது ஒரு காரணம். தேநீர் தெறித்து ஊர் நாசமாகிவிடும் என்பது இன்னொரு காரணம். பேச்சு வந்துவிட்டால் குவளை மூடியோடு ஆறிப்போகும். மாடல் செய்கிற கலையைப் பற்றி அவரிடம் கேட்டால் போதும், அருவிதான்.

"மரம்னா என்னன்னு நினைக்கறீங்க? மரம்னா பொய். எங்க கட்டடம் கோணலா இருக்கோ, எங்க சுவர் அசிங்கமா தெரியுதோ, அங்க ஒரு மரத்தை வை. ஜனம் மரத்தைப் பாக்கும்." பச்சைச் சாயத்தில் ஊறப்போட்டுக் காயவைத்த ஸ்பாஞ்சைக் கிள்ளி, கம்பியில் செருகினால் மரம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பவர்கள் இவர் கைவேலையைப் பார்த்ததில்லை. "அப்புறம், கார் வெள்ளையா இருக்கணும். செவப்புக் கார் வச்சா கண்ணு அதுலயே போய் நின்னுடும். கட்டடமும் வெள்ளை. வெள்ளையா இருக்கறதை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

அவர் செய்த எந்த ஊரிலும் துணி காய்ந்தது கிடையாது. குப்பைத் தொட்டி இல்லை, தண்ணீர்க் குடத்தோடு நிற்கிற வரிசை இல்லை, சண்டை இல்லை. ஒருமுறை ஆசைப்பட்டு ஒரு நாயை வெட்டி மூலையில் படுக்க வைத்தார். அதிகாரி அதை நகத்தால் சுண்டி எறிந்துவிட்டார். "இதெல்லாம் எதுக்குங்க, அப்புறம் நாய்த் தொல்லைன்னு மனு குடுப்பாங்க."

இவ்வளவும் சிரிப்பாகச் சொல்வார். கூடப் பிறந்த அக்காவைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் குவளையின் மூடியைத் திறந்து, ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

அக்காவும் அவரும் ரயில் பாதைக்குப் பின்னால் ஒரே சந்தில் எதிரெதிர் வீட்டில் குடியிருந்தவர்கள். அக்கா தையல்காரி. பள்ளிச் சீருடை, கால்சட்டை, பழையதைப் பிரித்துத் தைப்பது எல்லாம் உண்டு. அக்கா வீட்டுக்காரர் லாரியோடு போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். வீட்டை நிமிர்த்தியது தையல் மிஷின்தான். வீட்டுக்குள் குகை இருட்டு என்பதால் விடிந்ததும் மிஷினைச் சந்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தி மங்கும்வரை மிதிப்பாள். "கறுப்புத் துணியில கறுப்பு நூல் ஓட்டணும்னா பகல் வெளிச்சம் வேணும். பல்பு வெளிச்சத்துல தச்சா காலையில பாக்கறப்ப நம்ம வேலையே நம்மளப் பாத்துச் சிரிக்கும்" என்பாள். சந்தில் போகிறவர்கள் மிஷினைச் சுற்றிக்கொண்டு போவார்கள். போகிற போக்கில் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். ஊர்ச் செய்தி முழுக்க அவள் காலடியில் வந்து விழும்.

அந்தச் சந்தை இடித்துவிட்டு அங்கேயே புது வீடு கட்டித் தருவதாக அலுவலகம் முடிவு செய்தபோது, அதற்காக ஒரு மேடம் வந்தார். நகர வடிவமைப்பு படித்தவர். குடியிருக்கப் போகிறவர்களைக் கேட்டுத்தான் கட்ட வேண்டும் என்ற கொள்கைக்காரர். வந்த முதல் நாள் யாரிடமும் எத்தனை அறை வேண்டும் என்று கேட்கவில்லை. "காலையில கதவைத் திறந்ததும் முதல்ல யார் முகத்தைப் பாப்பீங்க?" என்று கேட்டார். சந்து திகைத்துப் போயிற்று. "எதிர் வீட்டு மூஞ்சிதான், வேற எங்க போறது" என்றாள் அக்கா. "பிள்ளைங்க தெருவுல விளையாடறப்ப யாரு பாத்துக்குவாங்க?" "யாரும் பாத்துக்க மாட்டாங்க. எல்லாரும்தான் பாத்துக்குவோம்." மேடம் முகம் மலர்ந்துபோனது. "அதைத்தாங்க கட்டணும்" என்றார்.

பொம்மைக்காரருக்கு அதுதான் பொற்காலம். வீட்டுக்கு ஒரு ஃபோம் துண்டு வெட்டிக் கொடுத்தார். எந்தத் துண்டு எந்தக் குடும்பம் என்று அடையாளத்துக்கு அந்தந்த வீட்டுக் கதவின் நிறத்தைப் பூசினார். சில ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து சந்தே ஒரு பலகையைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து, தன் வீட்டைத் தானே எடுத்து வைத்தது. அங்கே நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. "மாமியார் வீடு கண்ணுக்கு எட்டற தூரத்துல இருக்கட்டும் மேடம், காதுக்கு எட்டற தூரத்துல வேணாம்" என்று ஒருத்தி மாமியாரின் துண்டைத் தள்ளி வைத்தாள். மாமியார் அதை எடுத்து மருமகளின் தலைமேல் இரண்டாம் மாடியாக வைத்தாள். சிரித்துச் சண்டை போட்டு, சண்டை போட்டுச் சிரித்து, கடைசியில் எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். நடுவில் பெரிய முற்றம். நான்கு பக்கமும் மூன்று மாடி வீடுகள். எல்லா வாசலும் முற்றத்தைப் பார்த்து.

"ஒண்ணு மட்டும் மறக்காதீங்க" என்றார் மேடம். "கட்டடம் எவ்வளவு உசரமோ, முற்றம் குறைஞ்சது அவ்வளவு அகலம் இருக்கணும். இல்லேன்னா அது முற்றம் இல்ல, கிணறு." இந்தக் கணக்கைச் சந்துக்காரர்களுக்குப் புரியவைத்தவர் பொம்மைக்காரர்தான். ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு சூரியன் இப்படி வரும், நிழல் இவ்வளவு நீளம் விழும் என்று காட்டினார். "தம்பி என்னமா சொல்லிக் குடுக்கறான் பாரு" என்று அக்கா பக்கத்தில் இருந்தவளின் தொடையில் தட்டினாள். தன் துண்டைக் கீழே, முற்றத்தின் வடக்கு ஓரத்தில், வெயில் விழும் இடமாகப் பார்த்து வைத்தாள். வாசலில் மிஷின், மிஷினில் வெளிச்சம், அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் நடந்தது எல்லா ஊரிலும் நடப்பதுதான். நிலத்தில் பாதியை வெளியாளுக்கு விற்றால்தான் கட்டுகிற செலவு தேறும் என்று மேலே சொல்லிவிட்டார்கள். மீதிப் பாதியில் அத்தனை குடும்பமும் அடங்க வேண்டும். மூன்று மாடி ஆறு மாடி ஆயிற்று. முற்றம் பாதியாயிற்று. சந்துக்காரர்கள் ஞாயிறுதோறும் உட்கார்ந்து யோசித்ததெல்லாம் கறிவேப்பிலை ஆயிற்று. மணத்துக்குப் போட்டார்கள், தின்கிற நேரத்தில் ஓரமாக ஒதுக்கிவிட்டார்கள். மேடம் சண்டை போட்டுப் பார்த்தார். அவரை வேறொரு திட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

போகிற அன்று பின்கட்டு அறைக்கு வந்தார். பலகையில் இருந்த ஃபோம் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"நீங்க அதே சந்துதானே? நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்களேன்."

"நான் எப்படி மேடம் சொல்றது? நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா..."

"எனக்கு முகம் இல்லைங்க."

நெருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவர் கையில் போடப் பார்த்த கதைதான். கடைசியில் அது இருவர் கையிலும் இல்லாமல் கீழே விழுந்துவிட்டது. சந்துக்கு யாரும் சொல்லாமலே மேடம் புறப்பட்டுப் போனார்.

புதுப் படத்தின்படி மாடல் செய்யும் வேலை பொம்மைக்காரர் தலையில் விழுந்தது. ஆறு மாடிகளையும் எழுப்பி, முற்றத்தைப் பதித்து, அதில் ஆட்களை நிறுத்தினார். பார்க்க வந்த அதிகாரி மூக்கைச் சுளித்தார்.

"என்னங்க இது, கிணத்துக்குள்ள ஆளு நிக்கற மாதிரி இருக்கு? இதைக் கொண்டுபோய் ஜனங்க முன்னாடி வச்சா கல்லால அடிப்பாங்க."

"விடுங்க சார். நான் பாத்துக்கறேன்."

இந்த வார்த்தையை யாரும் அவர் வாயைக் கிண்டி வரவழைக்கவில்லை. தானாக வந்தது. முற்றம் குறுகிப்போயிற்று என்று அதிகாரி சொன்னது, மாடல் சரியாக வரவில்லை என்று இவர் காதில் விழுந்தது. காலமெல்லாம் அட்டையோடு மாரடித்தவருக்கு வருகிற வியாதி இது. கட்டடத்தில் குறை என்றால் அது பொறியாளர் பாடு, மாடலில் குறை என்றால் தன் மானம் போயிற்று. அன்று மதியமே நிறுத்திய ஆட்களையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டினார். இந்தத் தடவை நகத்தளவுதான். ஆள் சிறுத்தால் இடம் பெருக்கும் என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. நல்ல மாடல்காரர்கள் அதைச் செய்ய மாட்டார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். நகத்தளவு மனிதர்களைத் தூரத் தூரமாக நிறுத்தி, ஓர் ஓரத்தில் பெஞ்சு போட்டு, இரண்டு மரம் வைத்து, தலையை இறக்கிப் பார்த்தார். முற்றம் மைதானமாக விரிந்து கிடந்தது. அந்த நிமிஷம் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவர் இன்றைக்கும் மறைப்பதில்லை. "சந்தோஷமாத்தான் இருந்துச்சு. என்ன செய்யச் சொல்றீங்க?" என்று எரிந்து விழுவார்.

மாடலைச் சந்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். ஆறு மாடி என்றதும் முணுமுணுப்பு எழுந்தது. அதிகாரி, "முற்றம் இருக்குல்ல? நீங்க கேட்டதுதானே?" என்றார். குனிந்து பார்த்தார்கள். முற்றம் இருந்தது. பெஞ்சு இருந்தது, மரம் இருந்தது, ஆட்கள் காலாற நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் மட்டும், "அளவு என்னன்னு சொல்லுங்க" என்று கேட்டார். அவர் பக்கம் திரும்பி அக்காதான் சொன்னாள்.

"என்ன பெரியவரே, இது என் தம்பி கை வச்ச வேலை. அவன் அளவு தப்புனா நான் தச்ச சட்டைக்கு மூணு கையி."

எல்லாரும் சிரித்தார்கள். சம்மதம் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றதும் முதலில் எழுந்த கை அக்காவுடையது. அவளைப் பார்த்து மற்றக் கைகளெல்லாம் எழுந்தன. பொம்மைக்காரர் மாடலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பெஞ்சின் மேல் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கட்டி முடித்து வீடுகளைப் பங்கிட்டபோது, கீழ்த்தளம் வேண்டும் என்றவர்களுக்குக் கீழ்த்தளம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் குலுக்கல். அக்கா கேட்டு வாங்கியது கீழ் வீடு. குலுக்கலில் பொம்மைக்காரருக்கு விழுந்தது ஆறாம் மாடி. பகலெல்லாம் வெயில், காற்று, தூரத்தில் ரயில் போவது தெரியும். அந்த உச்சியிலிருந்து எட்டிப் பார்த்தால் முற்றம் இன்றைக்கும் அழகாகத்தான் இருக்கிறது. மாடலை மேலேயிருந்துதானே எல்லாரும் பார்த்தார்கள்! கீழே போய் நின்றால்தான் தெரியும். அண்ணாந்தால் கழுத்து சுளுக்கும். உச்சிப் பொழுதில் ஒரு கீற்று வெயில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். தரை காய்வதே இல்லை. பாசி பிடித்து வழுக்குகிறது. பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை, மேலேயிருந்து என்னென்னவோ விழுகிறது. ஆறாம் மாடிக்காரனுக்கு இரண்டாம் மாடிக்காரன் முகம் தெரியாது. விளையாடுகிற பிள்ளைகளை எல்லாரும் பார்த்துக்கொண்ட காலம் போய், உண்மையிலேயே யாரும் பார்த்துக்கொள்ளாத காலம் வந்துவிட்டது.

அக்கா முதல் வாரம் மிஷினை வாசலில் போட்டுப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். காலையிலிருந்து பல்பு எரிகிறது. கண்ணில் நீர் வடிய வடியத் தைக்கிறாள். வாடிக்கையாளர்கள் கோணல் தையலைப் பிரித்துக்கொண்டு திரும்ப வருகிறார்கள். அப்போதும் அவள் தம்பியை ஒரு சொல் சொல்லவில்லை. "அவன் என்ன செய்வான் பாவம், கட்டுன தடியனுங்க படத்தை மாத்திட்டானுங்க" என்று அவருக்காக வீடு வீடாக வாதாடினாள்.

அந்த மாடலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டுப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். பெருமைக்கு வைத்தது, பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கைத் தேய்ப்பதற்குத்தான் பயன்பட்டது. ஒருநாள் மின்சாரம் போய், தைக்க முடியாமல் வெளியே வந்த அக்கா அதன் முன்னால் வெகுநேரம் நின்றிருக்கிறாள். ஆளைக் கண்ணால் பார்த்தே அளவு சொல்கிறவள் அவள். அலுவலகத்திலிருந்து திரும்பிய தம்பியைக் கைகாட்டி அழைத்தாள்.

"இங்க வா. இவன் என் வீட்டு வாசல்ல நிக்கறான் பாரு. கதவுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கான். நான் கை தூக்குனா என் வாசக்கால் எட்டுது. இவன் ஏணி போட்டாத்தான் எட்டுவான் போலருக்கே. யாருடா இவன்?"

அவர் கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"படத்தை அவனுங்க மாத்துனானுங்க, சரி. ஆளை யாரு மாத்துனது?"

படிக்கட்டில் யாரோ செருப்புச் சத்தத்தோடு இறங்கி வந்து, இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள். அக்கா கண்ணாடியில் பதிந்திருந்த தன் கைத்தடத்தை முந்தானையால் துடைத்தாள். "நான் கை தூக்குனேனேடா" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பார். அவள் சண்டை போடவில்லை. மறுநாள் எதிர்ப்பட்டபோது, "வாங்க, சௌக்கியமா?" என்றாள். நின்ற இடத்திலேயே அவருக்கு உடம்பு கூசிப்போயிற்று. பிறந்ததிலிருந்து வாடா, போடா, எருமை, கழுதை என்று வாங்கி வளர்ந்தவர். அன்றிலிருந்து மரியாதைக்குக் குறைவில்லை. வீட்டுக்குப் போனால், "உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்கிறாள். அவர் சட்டையில் பொத்தான் அறுந்திருந்தால் கழற்றி வாங்கித் தைத்து, மடித்து, வாடிக்கையாளரிடம் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் கொடுக்கிறாள். மனைவியிடம் சொல்லி ஒருமுறை அழுதிருக்கிறார். "மாடியில எங்க வீட்டுல வந்து பகல்ல தையுங்கன்னு சொல்லு" என்று தூது விட்டிருக்கிறார். "அவ்வளவு வெளிச்சம் நமக்கு ஒத்துக்காது" என்று பதில் வந்தது.

இப்போது ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துச் சந்தின் முறை. அதே பாதி நிலம், அதே ஆறு மாடி. அந்தச் சந்துக்காரிகளில் பாதிப் பேர் அக்காவிடம் துணி கொடுக்கிறவர்கள். புது மேடம் யாரும் வரவில்லை. ஃபோம் துண்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வீண் செலவு என்று நிறுத்திவிட்டார்கள். நேரே மாடல், நேரே கூட்டம். "போன தடவை செஞ்ச மாதிரியே செஞ்சிடுங்க" என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போனார்.

பொம்மைக்காரர் இந்தத் தடவை ஆளைச் சரியான அளவில் வெட்டினார். தன் வாழ்க்கையில் அவர் செய்த ஒரே கலகம் அது. அதிகாரி வந்து பார்த்துவிட்டு, "ஆளெல்லாம் பூதம் மாதிரி நிக்குது. எடுத்துடுங்க" என்றார். எடுத்துவிட்டார். "ஆளே இல்லேன்னா பொய்யும் இல்லதானே?" என்று மனைவியிடம் கேட்டார். அவள் காதில் விழாதவள்போலக் கொடியில் துணி உலர்த்தப் போய்விட்டாள். கூட்டத்தில் யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டார். யாரும் கேட்காமல் சொல்வதில்லை என்பதும் அந்தத் தீர்மானத்தில் சேர்த்தி. சொன்னால் வேலை போகும், ஆனால் அக்கா வாயிலிருந்து ஒரு டா வரும். பல் துலக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் இந்தத் தராசு மனதில் ஆடிக்கொண்டே இருந்தது.

கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. ஹாலின் குழல்விளக்கு அழுது வடிந்ததால், ஆய்வுக்கூடத்திலிருந்து கழுத்து வளைகிற மேசை விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து மாடலின் ஓரத்தில் வைத்திருந்தார்கள். அது தாழ்வாக, பக்கவாட்டில் எரிந்தது. சந்துக்காரர்கள் மேசையைச் சுற்றி நெருக்கியடித்தார்கள். பின்னால், சுவரோரத்தில், தோளில் அளவு நாடா தொங்க அக்கா நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்திருந்தாள்.

அதிகாரி பேசினார். தண்ணீர், கழிப்பறை, லிஃப்ட், முற்றம் என்று வரிசையாகச் சொன்னார். பேசி முடித்ததும், காய்கறி வண்டி வைத்திருக்கிற ஒரு பெண் மாடலின் மேல் குனிந்தாள்.

"ஏங்க, எல்லாம் பளிச்சுனு இருக்கு. இந்த முற்றம் மட்டும் ஏன் இருட்டா இருக்கு?"

"அது ஒண்ணும் இல்லம்மா, மாடல்தானே" என்றார் அதிகாரி.

அவளுக்குத் திருப்தியில்லை. திரும்பித் தேடி, சுவரோரம் பார்த்தாள். "அக்கா, நீங்க இதே மாதிரி வீட்டுலதானே குடியிருக்கீங்க? நீங்க சொல்லுங்க. கட்டுனா இப்படித்தான் இருக்குமா?"

ஹால் முழுக்கத் திரும்பியது. அக்கா மெதுவாக முன்னால் வந்தாள். வழி விட்டார்கள்.

"நான் சொன்னா, கீழ் வீட்டுக்காரி வயித்தெரிச்சல்ல சொல்றாம்பாங்க. செஞ்சவன் அந்தா நிக்கறான், அவனையே கேளு." அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். கண் பல்பு வெளிச்சத்தில் கெட்டுச் சிவந்திருந்தது. ஆனால் அதில் கோபம் இல்லை. "சொல்லுடா" என்றாள்.

ஒரு வருஷமாக அவர் ஏங்கிக் கிடந்த சொல் அது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான்: ஆமாம்மா, கட்டினாலும் இப்படித்தான் இருக்கும். அதிகாரி அவரைப் பார்க்கவில்லை, கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்கறிக்காரி வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். பொம்மைக்காரரும் வாயைத் திறந்தார். வெள்ளைக் கட்டடங்களின் நிழல் முற்றத்தை நிறைத்து, எதிர்ச் சுவரில் பாதி உயரம் ஏறியிருந்ததைக் குனிந்து ஒருமுறை பார்த்தார்.

"இப்பப் பாருங்கம்மா" என்றபடி கையை நீட்டி, விளக்கின் கழுத்தை வளைத்து, மாடலுக்கு நேர் உச்சியில் கொண்டுவந்து நிறுத்தினார்.